யார் முதலில் எழுந்திருப்பது

1

உழைப்பே மனிதனை மனிதனாக்கியது; நேரம் பார்த்து வீட்டுக்குப் போகாதவர்களின் வியர்வையில்தான் நாகரிகங்கள் அனைத்தும் எழும்பின.

இதை எழுதி முடித்தபோது அலுவலகக் கடிகாரத்தில் மணி ஐந்து பத்து. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. யாருக்கும் வியர்க்கவில்லை. கதை பிறந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். இன்றைய வேலை நாலேமுக்காலுக்கே முடிந்துவிட்டது. ஆனால் கீபோர்டு சத்தம் நிற்கக்கூடாது. அதற்காகத்தான் இது.

2

(இரண்டாவது தொடக்கம்.) எங்கள் பிரிவுத் தலைவருக்கு ஒரு பெருமை உண்டு. தன் ஆட்களில் ஒருவர் நாற்காலியில் இருக்கும்வரை, பதினொரு ஆண்டுகளில் ஒரு நாள்கூட அவர் கிளம்பியதில்லை. கண்ணாடி அறைக்குள்ளிருந்து எங்கள் நால்வரின் குனிந்த தலைகளைப் பார்ப்பார். மார்பு விம்மும்.* இப்படி உழைக்கிறவர்களை விட்டுவிட்டு எப்படிப் போவது?

எங்களுக்கும் பெருமை உண்டு. தலைவர் இருக்கும்போதே பையை மாட்டியவர் என்ற கெட்ட பெயர் எங்களில் ஒருவருக்கும் கிடையாது.

* சட்டையின் மூன்றாவது பொத்தான் சாட்சி.

3

இன்று அவர் மகளுக்கு நீச்சல் இறுதிப் போட்டி. ஆறு மணிக்கு. ஐந்தரைக்குக் கிளம்பினால் போதும். அவர் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். கண்ணாடி எதையும் மறைக்காது.

"அப்பா, கிளம்பிட்டீங்களா?"

"இதோ கண்ணு. நம்ம ஆளுங்க இன்னும் வேலை பாக்கறாங்க. அவங்க முடிச்சதும் வந்துடறேன்."

"போன தடவையும் இதையேதானேப்பா சொன்னீங்க?"

(இந்த மகள் கதைக்குத் தேவையா என்று யோசித்தேன். வாசகரை அழவைக்கச் சேர்த்ததுபோல இருக்கிறது. ஆனால் அவள் நிஜமாகவே இருக்கிறாள். நான் என்ன செய்ய?)

4

ஐந்து இருபதுக்குப் பெருக்குகிற அம்மா வந்தார்.

"எந்திரிங்க, பெருக்கணும்."

நால்வரும் காலை மட்டும் தூக்கினோம்.

அவர் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றார். "நீங்க போகட்டும்னு அவரு உக்காந்திருக்காரு. அவரு போகட்டும்னு நீங்க உக்காந்திருக்கீங்க. எல்லாரும் போகட்டும்னு நான் நிக்கிறேன். இதுக்குப் பேரு வேலையா?"

இத்தனை பெரிய நிர்வாகத்தில் இதைக் கண்டுபிடிக்க ஒரு துடைப்பம் தேவைப்பட்டது.

பக்கத்து இருக்கை அக்கா என் பக்கம் சாய்ந்தார். "நீதான் சின்னவன். நீ முதல்ல எந்திரி. அவரு பொண்ணைப் பாக்கப் போகட்டும்."

"பெரியவங்க உக்காந்திருக்கும்போது நான் எப்படிக்கா எந்திரிக்கறது? ஒரு மரியாதை வேணாமா?"

"ஆமா, இதுவரைக்கும் மரியாதையிலேயே மூழ்கிக் கெடந்தே. வேகமா டைப் அடி, அவரு பாக்கறாரு."

அடித்தேன். மேலே இரண்டாவது தொடக்கத்தில் நீங்கள் படித்த இரண்டு பத்திகள் அப்போது எழுதியவைதான்.

5

முடிவு, முதல் வகை: நான் எழுகிறேன். பையை மாட்டுகிறேன். தலைவர் ஓடுகிறார். நீரிலிருந்து தலை தூக்கும் மகள் முதலில் காண்பது அப்பாவின் முகத்தை. (ரொம்ப அழகாக இருக்கிறது. அதனால்தான் நம்ப முடியவில்லை.)

முடிவு, இரண்டாம் வகை: தலைவரே எழுகிறார். பதினொரு ஆண்டுப் பெருமையை நாற்காலியிலேயே விட்டுவிட்டு, கதவைத் திறந்து, எங்களைப் பார்த்து, "நான் இன்னிக்கு…"

இதற்கு மேல் அவர் வாயில் எந்த வாக்கியமும் பொருந்தவில்லை. விட்டுவிட்டேன்.

மூன்றாவது வகையை நீங்களே முடிவு செய்யுங்கள். ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி: இதை எங்கே உட்கார்ந்து படிக்கிறீர்கள்? மணி ஐந்தைத் தாண்டிவிட்டதா? அப்படியானால் முதலில் நீங்கள் எழுந்து காட்டுங்கள். நான் அதைப் பார்த்து எழுதிக்கொள்கிறேன்.

6

ஆறேகாலுக்குப் போன் ஒலித்தது.

"ரெண்டாவதா வந்தேன்ப்பா."

"என் பொண்ணாச்சே!" என்றார் தலைவர். அறையே அதிர்ந்தது.

நாங்கள் நால்வரும் கைதட்டினோம். உட்கார்ந்தபடியே.