பழைய சனிக்கிழமைகள்

பிளின்டர்ன் வளாகத்தில், இடைநிலை ஜேர்மன் வகுப்பில், சயூரனின் மனைவி உயிரோடு இருந்தாள். ஒஸ்லோவில் வேறெங்கும் அவள் இல்லை.

அவன் திட்டம் போட்டுச் செய்த காரியம் அல்ல அது. மயூரா ஜேர்மனியில் வளர்ந்தவள். வூப்பெற்றாலில் இருந்து கலியாணம் கட்டி ஒஸ்லோவுக்கு வந்தாள். தங்கையோடு போனில் ஜேர்மனில் கதைப்பாள், சிரிப்பாள். சயூரன் பள்ளிக்கூடத்தில் படித்த ஜேர்மனை வைத்துக்கொண்டு பாதி பிடிப்பான், பாதி விடுவான். ஒழுங்காகப் படிக்கிறேன் என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தான். ஒரு நாள் வேலைக்குப் போன இடத்தில், தலைக்குள் இரத்தம் கசிந்து, அவள் விழுந்தாள். திரும்பி வரவில்லை.

ஆண்டுத் திவசம் முடிந்த பிறகும் அவனால் முழுநாள் வேலைக்குப் போக முடியவில்லை. வைத்தியர் பாதி நாளுக்கு சீக்மெல்டிங், சுகயீன விடுப்பு, எழுதிக் கொடுத்தார். மிச்ச நாளை என்ன செய்வதென்று தெரியாமல் வகுப்பில் சேர்ந்தான். தொடக்கநிலை அவனுக்குத் தேவைப்படவில்லை.

முதல் நாள், ஏன் ஜேர்மன் படிக்கிறீர்கள் என்று ஒவ்வொருவரும் சொல்லவேண்டியிருந்தது. என் மனைவி ஜேர்மனியில் வளர்ந்தவள் என்றான் சயூரன். அது உண்மை. வீட்டில் அவ உங்களோடு ஜேர்மன் கதைக்கிறவவா என்று ஆசிரியை உல்ரிக்க கேட்டார். "யா", ஆம், என்றான். பொய் அந்த ஒரு சொல்தான்.

அதன் பிறகு அது தானாக நடந்தது. ஒவ்வொரு வகுப்பும் வார இறுதிக் கதையோடுதான் தொடங்கும். பக்கத்தில் இருப்பவர் சொல்லுவார், மற்றவர் 'பிறகு?' 'பிறகு?' என்று விடாமல் கேட்கவேண்டும். சயூரன் ஒவ்வொரு கிழமையும் ஒரு பழைய சனிக்கிழமையை எடுத்துக் கொடுத்தான். மயூரா சொங்ஸ்வான் ஏரியில் இறங்கி, குளிர் தாங்காமல் கத்த, அங்கே நின்ற நாயெல்லாம் குரைத்தது. மயூரா நோர்வேப் பாணை விரலால் அமத்திப் பார்த்து இது பாணா பஞ்சா என்று கேட்டது. ஒன்றையும் அவன் கற்பனை செய்யவில்லை. நாட்களை மட்டும் மாற்றினான்.

தமிழில் அவளைப் பற்றிக் கதைக்க முடியாது. பேரைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் பெருமூச்சு விடுவார், 'பாவம் பிள்ளை' என்பார். வேலையிடத்தில் நோர்வேக்காரர் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். ஜேர்மனில் மட்டும் ஆட்கள் அவளை நினைத்துச் சிரித்தார்கள்.

அதிகம் சிரித்தது டிலக்சி. ரொம்சோஸில் இருந்து வருகிற பிள்ளை, ஆசிரியராகப் படிப்பவள், அவனுக்குப் பக்கத்துக் கதிரை. புட்டுக் கதையை அவளுக்குத்தான் சொன்னான். மயூரா புட்டை அவியவிட்டுவிட்டுத் தங்கையோடு போனில் இருந்தாள்; பானையில் தண்ணீர் வற்றியதும் தெரியாது, பானை கருகியதும் தெரியாது, கடைசியில் கட்டடம் முழுக்க நெருப்பு மணி அடித்து, அயலட்டை எல்லாம் இரவு உடுப்போடு வெளியில் நின்றது. டிலக்சிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உங்கட வைஃபை நான் ஒருக்காப் பார்க்கவேணும் அண்ணா என்றாள். அவன் தலையாட்டினான்.

அடுத்த சனிக்கிழமை ட்வெய்ட்டாவில் பிலேந்திரனின் தமிழ்க்கடைக்குப் போனான். பிலேந்திரன் கத்தரிக்காயை நிறுத்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

"எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை, என்ன தம்பி? பரவாயில்லை. புது ஆளும் ஜேர்மனிப் பிள்ளையாமே. நல்ல விசயம்."

சயூரன் பையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தான். பனி தூறிக்கொண்டிருந்தது. பஸ் தரிப்பிடத்தில் நின்றபோதுதான் முழுவதும் விளங்கியது. டிலக்சி வீட்டில் சொல்லியிருப்பாள். வகுப்பில் ஒரு தமிழ் அண்ணா, மனைவி ஜேர்மனி, நல்ல பகிடி என்று. அவளுடைய தாய் சிறிதேவி ஆற்றை மகன் என்று கேட்டிருப்பா. இரத்தினவேலற்றை மகன் என்றதும், மயூராவின் செத்தவீட்டுக்கு வந்துபோன சிறிதேவிக்கு ஒரே ஒரு முடிவுதான் இருந்திருக்கும்: அவன் திரும்பக் கட்டிவிட்டான். ரொம்சோஸ் அறிந்தால் பக்கத்து நகரமான திராமன் அறியும். திராமன் அறிந்தால் வூப்பெற்றாலுக்கு ஒரு போன்தான்.

வூப்பெற்றாலில் இருக்கும் மாமிக்குத் தானே முதலில் போன் எடுத்துச் சொல்லவேண்டும் என்று நினைத்தான். சொன்னால் வகுப்பில் சொல்லும் கதைகளும் முடிந்துவிடும். அவன் எடுக்கவில்லை.

ஞாயிறு மத்தியானம் மயூராவின் தாய் புஷ்பமலரே எடுத்தார். உங்கே பனியோ, சாப்பாடு என்ன என்று வழமையான விசாரிப்பு. பிறகு விசயத்துக்கு வந்தார்.

"தம்பி, நான் கோவிக்கேல்லை. உங்களுக்கு என்ன வயசு, தனிய இருக்க ஏலாதுதான். ஆனா அதை ஊர்ச்சனம் சொல்லி நான் கேட்கக்கூடாது."

"அப்பிடி ஒண்டுமில்லை மாமி."

"ஒளிக்காதேங்கோ. பிள்ளை ஜேர்மனியிலை எவ்விடம்?"

"வூப்பெற்றால்."

"இஞ்சையோ? ஆற்றை பிள்ளை?"

"உங்கடை பிள்ளைதான், மாமி."

சயூரன் சொல்லத் தொடங்கினான். முதல் நாள், அந்த ஒரு 'யா', ஏரி, பாண், நெருப்பு மணி. விசாரணையில் சொல்வதுபோல ஒழுங்காகச் சொன்னான். புட்டுப் பானைக்கு வந்தபோது மாமி மூக்கால் சிரிப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. பிறகு மூக்கைச் சிந்துவது கேட்டது.

"இஞ்சையும் ரெண்டு பானை கருக்கினவள்," என்றார். கொஞ்சம் கழித்து, "அந்தப் பக்கத்திலை இருக்கிற பிள்ளைக்கு இப்ப தெரியுமோ?"

"தெரிஞ்சிருக்கும்."

"பாவம் அவள். அவளையும் பொய் சொல்ல வைக்காதேங்கோ. மற்றச் சனத்துக்கு நான் சொல்லிக்கொள்ளுறன்."

போனை வைத்த பிறகு அவன் குசினிக்குப் போனான். கழுவுதொட்டியின் கீழ் அலுமாரியில் அந்தப் பானை இருந்தது. எறியவும் இல்லை, பாவிக்கவும் இல்லை. இரும்புத் தும்பை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினான். வெளியே இருட்டிய பிறகும் தேய்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வகுப்புக்கு டிலக்சி நேரத்துக்கே வந்து வாசலில் நின்றாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"எனக்குத் தெரியாது அண்ணா. அம்மாட்டைச் சும்மா பகிடியாச் சொன்னனான்."

"நீர் பிழை ஒண்டும் விடேல்லை."

"நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன். நீங்கள் வழமைபோலக் கதையுங்கோ. நான் சிரிப்பன்."

அவள் உண்மையாகத்தான் சொன்னாள். அவனிடம் இன்னும் சனிக்கிழமைகள் மிச்சம் இருந்தன. வரும் வழியில் ரயிலில் ஒன்றை யோசித்தும் வைத்திருந்தான்: மயூரா பனிச்சறுக்குப் பழகப் போய், கட்டிப்பிடித்த மரத்தை விடமாட்டேன் என்று நின்றது. ஆனால் அவன் சொல்லச்சொல்ல இந்தப் பிள்ளை தெரிந்துகொண்டே சிரிப்பதை நினைத்துப் பார்த்தான். ஊர்ச்சனத்தின் பெருமூச்சைவிட அது மோசமாக இருந்தது.

உல்ரிக்க வந்து, வழமைபோல அவனைப் பார்த்து, மனைவி இந்தக் கிழமை எதை எரித்தா என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. டிலக்சி மேசையைப் பார்த்தாள்.

என் மனைவி இறந்துவிட்டாள் என்றான் சயூரன். போன வருடத்துக்கு முதல் வருடம். நான் சொன்ன கதைகள் எல்லாம் உண்மை, நாட்கள் மட்டும் பொய். தடக்காமல் வந்தது. அதற்கு இடைநிலை ஜேர்மன்கூடத் தேவைப்படவில்லை.

உல்ரிக்க கண்ணாடியைக் கழற்றினார். மன்னிக்கவேண்டும் என்றார், குரலைத் தாழ்த்தி. இந்த அறையிலும் குரல் தாழ்ந்துவிட்டது. வகுப்பை நிறுத்தவா என்று கேட்டார். வேண்டாம் என்றான். மெல்ல மெல்ல மற்ற மேசைகளில் பேச்சுத் தொடங்கியது.

டிலக்சி அவன் பக்கம் திரும்பினாள். போன வார இறுதியில் என்ன செய்தீர்கள் என்று ஜேர்மனில் கேட்டாள்.

கடைக்குப் போனேன் என்றான்.

பிறகு?

அவன் யோசித்தான். அவனுடைய சொந்தச் சனிக்கிழமையை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அதில் சொல்வதற்கு அதிகம் இல்லை.

மாமி போன் எடுத்தா என்றான்.

பிறகு?

ஒரு பானையைத் தேய்த்தேன்.

பிறகு?

"இன்னும் கறுப்புப் போகவில்லை," என்றான்.