கால் லிட்டர் மஞ்சள் தண்ணீர்

எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவில் கடைசி நாள் மஞ்சள் நீராட்டு. முறைப்பெண்கள் முறைப்பையன்கள் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். தெருவே மஞ்சளாக ஓடும். கரும்புக் கொல்லைகளுக்கு அப்பால் கல்வராயன் மலைகூட அன்றைக்குக் கொஞ்சம் மஞ்சளாகத்தான் தெரியும்.

போன வருடம் என் அக்கா எழில்மதி சொம்போடு தெருமுனை வரை போனாள். அத்தை மகன் ஜெயப்பிரகாஷ் மாமா தலையைக் குனிந்து கொடுத்து நின்றார். அவள் ஊற்றவில்லை. சொம்பில் மிதந்த வேப்பிலையையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு அப்படியே திரும்பி வந்துவிட்டாள்.

இந்த வருடம் மஞ்சள் நீராட்டு வெள்ளிக்கிழமை. மாமாவுக்குப் புதன்கிழமையே குவைத்துக்கு விமானம். இரண்டு வருடம் கழித்துத்தான் வருவார். அதற்குள் சின்னசேலம் பக்கம் பெண் பார்த்து முடித்துவிடப் போவதாக அவர் அம்மா ரங்கம்மாள் அத்தை பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மாமா ஊரை விட்டுக் கிளம்புவதற்குள் தன் மனசு அவருக்குத் தெரிந்துவிட வேண்டும் என்பதுதான் அக்காவின் தவிப்பு.

செவ்வாய்க்கிழமை காலையில் கோமுகி வாய்க்காலில் தண்ணீர் மொண்டு வந்து, மஞ்சள் அரைத்துக் கரைத்து, கால் லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றினாள். இரண்டு வேப்பிலை போட்டாள். தையல் மிஷினுக்கு அடியில் கிடந்த தான் அடிக்கடி போடும் பச்சை ஜாக்கெட்டின் வெட்டுத்துணியை எடுத்து பாட்டிலின் கழுத்தில் முடிந்தாள்.

"தனுஷா, மாமா பெட்டியில வச்சிட்டு வந்துடுடி."

"நானா?"

"நீ வந்துகினு போய்க்கினு இருந்தாலும் யாருக்குத் தெரியப் போவுது?"

உண்மைதான். நான் பத்தாவது பாதியில் நின்றுவிட்டது என் பெஞ்சில் இருந்தவளுக்கே ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்ததாம்.

அத்தை வீட்டில் பெரிய பெட்டியை நீல நைலான் கயிற்றால் நாலு பக்கமும் இறுக்கிக் கட்டி வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு கறுப்புத் தோள்பை, வாய் திறந்தபடி. அதில் துண்டுக்கு அடியில் பாட்டிலைப் படுக்க வைத்துவிட்டு வந்துவிட்டேன். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. சாயங்காலம் மாமா அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனார். எங்கள் வாய்க்கால் அவர் மடியில் உட்கார்ந்து போனது.

மறுநாள் காலை அக்கா மிஷினை மிதித்துக்கொண்டே கேட்டாள். "இந்நேரம் மேல ஏறியிருக்குமா?"

நான் ஏர்போர்ட்டைப் பார்த்ததில்லை. கரும்பு ஆலையைவிடப் பெரிதாக, தரையெல்லாம் ஏரித் தண்ணீர் மாதிரி பளபளத்து, ஆட்கள் சத்தமில்லாமல் மிதந்து போகிற இடமாக நினைத்துக்கொண்டேன். அங்கிருந்து அந்த மஞ்சள் தண்ணீர் மேகத்துக்கு மேலே போகும். தண்ணீர் மேலே, மேகம் கீழே. எப்போதாவது ஒரு சொட்டு விழுந்தால் மலை மேல்தான் விழும்.

போன் அடித்தது. மாமாதான். அக்கா பதறிப்போய் அதை என் மடியில் போட்டாள். நான் ஸ்பீக்கரை அழுத்தி, "மாமா" என்றேன்.

"தனுஷா, என் பையில பாட்டில வச்சது யாரு?"

நான் போனை அக்கா பக்கம் நீட்டினேன்.

"ஏர்போர்ட்டு மிஷின்ல பையப் பாத்துட்டு நிறுத்திட்டாங்க. கைப்பையில நூறு மில்லிக்கு மேல தண்ணி எடுத்துக்கினு போவக் கூடாதாம். பெரிய பெட்டியில இருந்திருந்தா ஒண்ணும் சொல்ல மாட்டாங்களாம்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"ஒரு இந்திக்கார ஆபீசர் மோந்து பாத்துட்டு, குடி குடின்னு சைகை காட்றாரு."

"குடிச்சீங்களா மாமா?"

"அத யாராவது குடிப்பாங்களா? பக்கத்துல ஒரு லேடி ஆபீசர் இருந்தாங்க, தமிழ்க்காரங்க. இன்னாங்க, மஞ்சத்தண்ணியா, எந்தப் பொண்ணு குடுத்தனுப்புச்சின்னு சிரிக்கிறாங்க. எனக்குத் தெரியாதுங்கன்னு சொல்ல வாயெடுத்தேன். அப்பத்தான் அந்தப் பச்சத் துணியப் பாத்தேன்."

அக்காவின் தையல் மிஷின் நின்றது.

"குப்பத் தொட்டியில போட்டுடுங்கன்னாங்க. எனக்குப் போட மனசு வரல. ஒரு நிமிசம் குடுங்கன்னு வாங்கி, தொட்டிக்கு மேல குனிஞ்சு, தலையில ஊத்திக்கினேன்."

"அய்யய்யோ!"

"வரிசையில நின்ன சனமெல்லாம் வாயப் பொளந்துகினு பாத்துச்சு. நல்லவேள, துண்டு இருந்துச்சு. புதுச் சட்டதான் போச்சு. கூப்பிடறாங்க, வைக்கிறேன். உங்க அக்காகிட்ட சொல்லு, தண்ணி வெதுவெதுன்னு இருந்துச்சுன்னு."

அதற்குப் பிறகு அன்று அக்கா ஒரு தையலும் போடவில்லை. அந்தப் பளபளத் தரையில், கூந்தல் அலசிய மாதிரி முடியிலிருந்து மஞ்சள் சொட்டச் சொட்ட மாமா நடந்து போவது எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு சொட்டும் விழுந்த இடத்தில் ஒரு சின்ன வாய்க்கால்.

மத்தியானம் ரங்கம்மாள் அத்தை போனை முன்னால் நீட்டிக்கொண்டு வந்தார். மாமா விமானம் ஏறுமுன் எடுத்து அனுப்பிய படம். சட்டைக் காலரிலிருந்து பாக்கெட் வரை மஞ்சள்.

"எவடி இது? பிளேன் ஏறப் போறவன் மேல ஊத்தனவ எவ? கேட்டா, மாமன் வூட்ல போயி கேளுன்றான்."

நான் கதவோடு ஒட்டிக்கொண்டேன். போன வருடம் மாதிரி அக்கா திரும்பி உள்ளே போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் எழுந்தாள். மடியிலிருந்த நூல் துணுக்கெல்லாம் உதிர்ந்தது.

"நான்தாங்க அத்த."

அத்தை அவளையே பார்த்தார். பிறகு படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். இன்னும் பெரிதாக்கினார்.

"ஒழுங்கா ஊத்தத் தெரியுதா? காதாண்ட பாரு, நனையவே இல்ல." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மிஷின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். "வெயில்ல வந்திருக்கேன். தண்ணி குடுடி."

அக்கா போன வருடத்துச் சொம்பில்தான் கொண்டுவந்தாள். குடித்துக்கொண்டே, அவள் நகக்கண்களில் இன்னும் போகாமல் இருந்த மஞ்சளை அத்தை பார்த்தார். சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "சின்னசேலத்துக்காரங்களுக்கு இப்ப நான் இன்னா பதில் சொல்றது?" என்றார்.