எஃகு மங்கல் என்று எழுதியவர்

1

இந்தக் கதை ஒரு வாய்ச்சண்டையில் பிறந்தது. கைக்கடிகாரம் சேகரிப்பவர்களின் இணையக் குழு ஒன்றில், பழைய எஃகை உருக்கிச் செய்த முக்குளிப்புக் கடிகாரத்தைப் பற்றி விவாதம். முந்நூறு மீட்டர் ஆழம் தாங்குமாம். விவாதித்தவர்களில் ஒருவரும் அதைக் கட்டிக்கொண்டு குளித்ததாகக்கூடத் தெரியவில்லை. 'பழைய இரும்புக்கு ஒரு கார் விலையா?' என்று ஒருவர் கேட்டதும் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். (என்னிடம் கைக்கடிகாரமே கிடையாது. அதனால் நடுநிலையாக எழுதலாம் என்று நினைத்தேன்.)

2

முதல் தொடக்கம்: 'கடலின் அடியில், ஒளி புகாத அந்த...' வேண்டாம். இந்தக் கதையில் கடல் வராது.

இரண்டாவது: 'லென்ஸ் அண்ணன் எதையும் சும்மா பார்த்ததில்லை.' இது தேவலை. குழுவில் அவருக்கு அதுதான் பெயர். அவர் தலையாட்டினால் கடிகாரம் விற்றுத் தீரும். உதட்டைப் பிதுக்கினால் கடையிலேயே கிடக்கும். இந்தக் கடிகாரத்தைப் பற்றி அவர் எழுதியது இவ்வளவுதான்: 'எஃகு மங்கல். எத்தனை உருக்கினாலும் பழையது பழையதுதான்.' அதன் பிறகு எல்லோருக்கும் அது மங்கலாகவே தெரிந்தது, கண்ணால் பார்க்காதவர்களுக்கும்.

அதை வடிவமைத்தவள் அவருடைய சொந்தத் தங்கை. (சினிமாத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். முதல் வரைவில் யாரோ ஒரு பெண்ணாக வைத்துப் பார்த்தேன். அவர் கதவையே திறக்கவில்லை.)

3

தங்கை வருகிறாள். அவர் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிய அதே கடிகாரத்தை மேசையில் வைக்கிறாள்.

"அண்ணா, இத நீ தொட்டுப் பாத்தியா?"

"பாத்தேனே. கையுறை போட்டுக்கிட்டு."

"மேல ஒட்டியிருந்த பிளாஸ்டிக்க உரிச்சியா?"

"அத யாராவது உரிப்பாங்களா? மதிப்பு போயிடும். நீ பண்ணதாச்சேன்னு பத்திரமா அனுப்பினேன்."

அவள் நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பி, கடிகாரம் முழுக்க ஒட்டியிருந்த மெல்லிய படலத்தை உரிக்கிறாள். அடியில் எஃகு பளிச்சென்று இருக்கிறது. மங்கலாக இருந்தது பிளாஸ்டிக்.

சேகரிப்பவர்களால் மட்டுமே செய்ய முடிகிற தவறு இது. மற்றவர்கள் வாங்கிய அன்றைக்கே உரித்திருப்பார்கள். லென்ஸ் அண்ணன் லென்ஸைக் கண்ணில் வைத்து இன்னொரு முறை பார்க்கிறார்.

"நீ எழுதினதப் பாத்துட்டு கம்பெனியில அடுத்த மாடலையே நிறுத்திட்டாங்க. அது போகட்டும். நீ எழுதினது தப்புன்னு குழுவுல எழுது. இல்லேன்னா இனிமே இந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்."

"எழுதினா அப்புறம் என்னை எவன் மதிப்பான்?"

"நான் மதிப்பேன்."

இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் பாசம் வந்துவிட்டது. நடுநிலை போயிற்று.

4

முடிவுகள்.

(அ) அவர் எழுதுகிறார், குழு பெருந்தன்மையோடு... அந்தக் குழுவை நான் படித்திருக்கிறேன். நடக்காது.

(ஆ) அவர் மறுக்கிறார், தங்கை போய்விடுகிறாள். இதை எழுதியும் பார்த்தேன். அவள் செருப்பை மாட்டுகிற இடத்தில் எனக்கே பொறுக்கவில்லை. அடித்துவிட்டேன்.

(இ) அவர் கைபேசியை எடுத்துத் தட்டுகிறார்: 'அன்றைக்கு நான் பார்த்தது எஃகையே அல்ல.' அவர் ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறார் என்பது மட்டும் குழுவில் எல்லோருக்கும் தெரிகிறது, என்ன என்பது தெரியாது. அனுப்பும் முன்பே ஒருவர் முந்திக்கொண்டு, 'சரியாகச் சொன்னீர்கள் அண்ணா' என்று போட்டுவிட்டார். லென்ஸ் அண்ணனின் கட்டைவிரல் அந்தரத்தில் நிற்கிறது.

இதோடு நிறுத்திக்கொள்கிறேன். அனுப்புவதா, அழிப்பதா என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். எதைச் செய்தாலும் சரி, அந்தப் பெண் வந்ததிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறாள். அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நீங்களாவது முதலில் அவளை உட்காரச் சொல்லுங்கள்.