அய்யாவு வாங்கிய மல்லிகை

விருந்துக்கு வந்தவர்கள் முன்னால் "கறியா இது, உப்பளமா?" என்று கேட்டுத் தொலைத்தான் அய்யாவு. அன்றோடு அவன் மனைவி தெய்வம்மா பேச்சை நிறுத்திவிட்டாள். வேளாவேளைக்குச் சோறு வரும், வெந்நீர் வரும், ஒரு வார்த்தை வராது. அவள் சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. இலங்கைத் தோட்டத்தை விட்டுக் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, சேரம்பாடித் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்து சேர்ந்த பாட்டையெல்லாம் அவள் பேச்சைக் கேட்டுத்தான் அவன் மறந்திருந்தான்.

அவளுக்கு மல்லிகை என்றால் உயிர். லயத்து ஓரம் அவள் வைத்த செடியோ, மழையைக் குடித்து இலையாகத் தள்ளியதே தவிர ஒரு மொட்டு விடவில்லை. அய்யாவு லீவு போட்டுக் கூடலூருக்குப் போனான். மலைக்குக் கீழே சமவெளியிலிருந்து வந்த பூவைப் பந்தாக வாங்கினான். திரும்பும்போது பஸ்ஸே மணத்தது.

"எந்தா சேட்டா, கல்யாணமோ?" என்றார் மலையாளத்துக் கண்டக்டர். அய்யாவுக்குத் தலைகால் புரியவில்லை.

வாசலில் பக்கத்து வீட்டு இசக்கியம்மா மறித்துக்கொண்டாள்.

"ஏலே, கைப்பிள்ளைக்காரிக்கா மல்லிய வாங்கிட்டு வாரே? மாருல வச்சுக் கட்டினா பால் வத்திப்போகும், தெரியாதா?"

"தலையிலதான அக்கா வைக்கப்போறா?"

"எதுக்கு வம்புங்கேன்? இங்க கொடு. எம் மக பொன்னாயிக்கு ஆகும். அவ பய பல்லு மொளைச்சும் பால் மறக்கல. கொழுந்து எடுக்குற எடத்துக்கே ஓடிவந்து சேலையப் பிடிச்சு இழுக்கான்."

மொத்தப் பந்தும் போயிற்று. உள்ளே பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த தெய்வம்மா, வாசம் போன திசையையே பார்த்தாள். அய்யாவுக்கு அழுகை வரும்போல் இருந்தது.

பொன்னாயி பூவை வைத்துக் கட்டினாள். சில நாளில் மாரில் பால் கட்டிய வீக்கம் வடிந்து பாலும் நின்றது. பையன் தேத்தண்ணிக்கு மாறிவிட்டான். லயமே அய்யாவுக்குப் பட்டம் கட்டியது. தண்ணீர்க் குழாயடியில், "வைத்தியரே, பல்வலிக்கு என்ன பூவு?" என்று கேட்டுச் சிரித்தார்கள்.

வீட்டுக்குள் நுழைந்தவனைப் பார்த்ததும் தெய்வம்மாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஏங்க வைத்தியரே, கறியில உப்புக் கூடினா அதுக்கு என்ன மருந்து?"

அப்படியே நின்றுவிட்டான். பேசிவிட்டாள்!

"நம்ம புள்ள பால் மறக்கிறப்ப ஒரு பந்து வாங்கியாங்க. பாதிய மாருல கட்டிக்கிறேன்."

"மீதி?"

"எனக்குத் தலை இல்லையா?"

அன்றைக்கும் கறியில் உப்புக் கரித்தது. அய்யாவு இன்னும் ஓர் அகப்பை ஊற்றச் சொன்னான்.