இரண்டு சுற்று அதிகம்

ரேடியோ நன்றாகப் பேசியது; காதுதான் கேட்கவில்லை. அதுதான் கோளாறு.

மைக்கில் பேசினால் மீட்டர் முள் ஒழுங்காக எழுந்து நின்றது. பேச்சை நிறுத்திக் கேட்கலாம் என்றால் ஸ்பீக்கரில் வெறும் இரைச்சல். அதற்கும் அடியில், கிணற்றுக்குள் விழுந்தவர்கள் போல, யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை.

சாப்பாட்டு மேசையில்தான் வேலை நடந்தது. இப்போதெல்லாம் அவன் அங்கே சாப்பிடுவதில்லை. அடுப்பங்கரையில் நின்றபடியே எதையாவது விழுங்கிவிட்டுத் தட்டைக் கழுவிவிடுகிறான். மேசை சும்மாதானே கிடக்கிறது என்று சால்டரிங் அயர்ன், மீட்டர், குறடு, உதிரிப் பாகங்கள் எல்லாம் ஏறிக் குடியிருந்தன.

வீட்டிலிருந்தே முகம் தெரியாதவர்களோடு ரேடியோவில் பேசுவதற்கான அமெச்சூர் ரேடியோ உரிமத்தைக் கல்லூரியில் படிக்கும்போதே வாங்கிவிட்டான். கடையில் வாங்கிய செட்டில் சில வருடம் பேசினான். அப்புறம், நாமே ஒன்று செய்து அதில் பேசினால் எப்படி இருக்கும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது. செட்டை விற்றுவிட்டுக் கிட் ஒன்றை வரவழைத்தான். வெற்று போர்டு, பை பையாகப் பாகங்கள், கொஞ்சம் செம்புக் கம்பி, பாசிமணி அளவில் ஏழு வளையங்கள். வளையத்தில் கம்பியைச் சுற்றினால் காயில். எத்தனை சுற்று என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் ரேடியோ வேறெங்கோ காது கொடுத்துக்கொண்டிருக்கும்.

ஆறு காயில்களை அவன் சுற்றினான். ஏழாவது வளையத்தை எடுக்கும்போது மனைவி கை நீட்டினாள்.

"எனக்கும் ஒண்ணு குடு. நீ மட்டும் என்னமோ பூ கட்டற மாதிரி உக்காந்திருக்க."

சோபாவில் காலை மடித்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். மருந்துக் கடையில் மருந்தாளர் வேலை அவளுக்கு. அன்று விடுமுறை.

"ஓட்டைக்குள்ள கம்பி ஒரு தடவ போனாலே ஒரு சுத்துன்னு கணக்கு," என்றான். "வெளிய தெரியறத எண்ணாத. உள்ள எண்ணு."

"நாள் முழுக்க மாத்திரை எண்ணறவளுக்கு எண்ணச் சொல்லித் தர்றியா? என் கையில எவனுக்காவது ஒரு மாத்திரை கொறஞ்சிருக்கா?"

"கூடப் போயிருக்கலாம்ல?"

"கூடப் போனா எவன் திரும்பி வந்து சொல்லப் போறான்?"

கம்பியோடு வாயும் சுற்ற ஆரம்பித்தது. இருமல் மருந்தை மூடி திறந்து முகர்ந்து பார்த்து, 'போன தடவ வாங்குன வாசம் இல்லையேம்மா' என்று ஒரு மணி நேரம் மல்லுக்கு நின்ற கிழவரைப் பற்றிச் சொன்னாள். அவரைப் போலவே மூக்கை உறிஞ்சிக் காட்டினாள்.

"ஒண்ணு பேசு, இல்ல சுத்து."

"எனக்கு ரெண்டும் வரும். உனக்குத்தான் ரெண்டுமே தகராறு."

சுற்றி முடித்ததும் கம்பி நழுவாமல் இருக்க மேலே எதையாவது தொட்டு வைக்க வேண்டும். நெயில் பாலிஷ் இதற்கு நல்ல சாமான். நிறமில்லாதது இருக்கிறதா என்று கேட்டான். அதெல்லாம் என்னிடம் எதற்கு என்று, தன் விரலில் இருந்த அதே கத்தரிப்பூ நிறத்தைக் கொண்டுவந்து காயிலுக்கும் பூசினாள். ஊதிக் காயவைத்தாள்.

"எண்ணிப் பாக்கறியா?"

"நீ சொன்னா சரி."

எண்ணாமலே போர்டில் பற்றவைத்தான்.

அந்த மாதம் முடிவதற்குள், மருந்துக் கடையில் அலமாரிக்கு எதிரே நின்றுகொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். அவன் போய்ச் சேரும்போது கேட்பதற்கோ சொல்வதற்கோ ஒன்றும் மிச்சமிருக்கவில்லை.

போர்டு வீட்டு அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது. ஒரு வருடத்துக்கும் மேலாக அங்கேயே கிடந்தது. அதைக் கீழே இறக்க வைத்தது ஷார்ட்டு.

ஷார்ட்டு லிஃப்ட் மெக்கானிக். ரேடியோ கிளப்பில் சேர்ந்த முதல் நாளே கையில் இருந்த கம்பியை எங்கேயோ தொட்டு மண்டபம் முழுவதையும் இருட்டாக்கியவன். அன்றிலிருந்து சொந்தப் பெயரில் அவனை யாரும் கூப்பிட்டதில்லை. அவளைத் தங்கச்சி என்பான். இவனை மாப்ள என்பான். ஞாயிற்றுக்கிழமையானால் வந்துவிடுவான்.

அவள் போன பிறகு இவனைப் பார்க்கிற எல்லோருக்கும் ஒரு முகம் வந்துவிட்டிருந்தது. தலையைக் கொஞ்சம் சாய்த்து, குரலைத் தாழ்த்தி, 'எப்படி இருக்கீங்க' என்று கேட்கிற முகம். குடிநீர் ஆய்வகத்தில் கூட வேலை பார்ப்பவர்களுக்கு வந்தது. சொந்த அண்ணனுக்கே வந்தது. பேச்சில் அவள் வந்துவிட்டால் போதும், எதிரே இருப்பவர் அந்த முகத்தை எடுத்து மாட்டிக்கொள்வார். ஷார்ட்டுக்கு மட்டும் வரவில்லை. பழையபடியே திட்டினான், பழையபடியே பிஸ்கட் டப்பாவைக் காலி செய்தான். அதனாலேயே அவனிடம் இவன் அவளைப் பற்றி எதுவும் பேசுவதில்லை. ஷார்ட்டின் முகமும் போய்விட்டால் அப்புறம் பார்ப்பதற்கு ஒரு முகமும் இல்லை.

அன்று ஷார்ட்டு மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, போர்டின் மேல் கவிழ்ந்துகொண்டான்.

"எதெதெல்லாம் பாத்த?"

"எல்லா எடத்துலயும் வோல்டேஜ் சரியா இருக்கு. ஸ்பீக்கர் பக்கம் சரி. ஆன்டெனா உள்ள நுழையற எடத்துலதான் தடை."

"ட்ரிம்மரத் திருகிப் பாத்தியா?"

ட்ரிம்மர் என்பது ஏழாவது காயிலின் பக்கத்தில் இருக்கும் குட்டித் திருகு. அதைத் திருகிக்கொண்டே போனால் ஓரிடத்தில் சத்தம் உச்சத்துக்கு ஏறி, தாண்டினால் இறங்க வேண்டும். ஷார்ட்டு திருகினான். சத்தம் ஏறியது. ஏறிக்கொண்டே இருக்கும்போதே திருகு கடைசிக்கு வந்து நின்றுவிட்டது.

"உச்சம் இன்னும் தள்ளி இருக்கு. காயில்ல சுத்து அதிகம் மாப்ள."

அவனுக்குத் தெரியும். போன வாரமே பூதக்கண்ணாடி வைத்து எண்ணிவிட்டான். இரண்டு சுற்று அதிகம். ஒன்று, வெளியே தெரிவதை எண்ணியதால் வந்தது. இன்னொன்று அநேகமாக இருமல் மருந்துக் கிழவரால் வந்தது. எண்ணி முடித்ததும் திரும்ப முதலிலிருந்து எண்ணினான். சரிபார்ப்பதற்காக இல்லை. ஒவ்வொரு சுற்றும் அவள் விரல் இழுத்து இறுக்கியது என்பதற்காக.

"கழட்டி ரெண்டு சுத்து உருவிட்டா முடிஞ்சுது," என்றான் ஷார்ட்டு.

"வேண்டாம். பக்கத்துல இருக்கற கெப்பாசிட்டர மாத்திக்கலாம். சின்னதா ஒண்ணு போட்டா அதே கணக்கு வந்துடும்."

"வரும். இருக்கா உங்கிட்ட?"

"நாளைக்கு வாங்கணும்."

"அஞ்சு நிமிஷ வேலைக்கு எவனாவது ஊரச் சுத்துவானா? காயில் தப்புன்னா காயிலத் திருத்து. அத விட்டுட்டு மத்ததெல்லாம் அதுக்கு ஏத்த மாதிரி மாத்தறேங்கறியே. அது என்ன பெரிய மகாராணியா?"

"இருந்துட்டுப் போகட்டும். விடு."

அது அவள் சுற்றியது. இந்த மூன்று வார்த்தையைச் சொல்லியிருந்தால் ஷார்ட்டு கையை எடுத்திருப்பான். சொல்ல வாயெடுத்தான். எதிரே இருந்த முகத்தைப் பார்த்தான். பிஸ்கட் துகள் ஒட்டிய, எரிச்சல் நிறைந்த, நல்ல முகம். சொல்லவில்லை.

"டீ போடறேன்," என்று எழுந்தான்.

பால் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினான். தெருமுனைக் கடையில் கூட்டம். முன்னால் நின்ற அம்மாள் சில்லறையைப் பையின் அடியிலிருந்து ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தாள். அவன் அவசரப்படவில்லை. இப்போதெல்லாம் எதற்கும் அவசரம் வருவதில்லை.

திரும்பி மாடிப்படி ஏறும்போது குரல் கேட்டது. கணீரென்று, பக்கத்து வீட்டில் பேசுவது போல. மழை வந்தால் தன் ஆன்டெனா படும் பாட்டை யாரோ ஒருவர் விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அது தன் வீட்டிலிருந்துதான் வருகிறது என்று உறைத்ததும் அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. ரேடியோ வேலை செய்கிறது. தான் செய்த ரேடியோ. இரண்டு படியை ஒன்றாகத் தாண்டினான். அடுத்த படியில் கால் நின்றுவிட்டது.

ஷார்ட்டு வாசலிலேயே நின்றிருந்தான், முகமெல்லாம் பல்லாக.

"கேட்டியா? எப்படி அடிக்குது பாரு. அஞ்சு நிமிஷ வேலைன்னு சொன்னேனா இல்லையா?"

அவன் பால் பாக்கெட்டோடு மேசை அருகே போனான். போர்டில் புத்தம்புதிய காயில் பளபளத்தது. அச்சில் வார்த்தது போல அவ்வளவு சீராகச் சுற்றப்பட்டிருந்தது. பக்கத்தில், செய்தித்தாளின் மேல், பழைய கம்பி சின்னச் சின்னத் துண்டுகளாக நெளிந்து கிடந்தது.

"ரெண்டு சுத்த மட்டும் உருவலாம்னுதான் பாத்தேன். எங்க விட்டுது? எவனோ மேல எதையோ பூசி வெச்சிருக்கான், காஞ்சு கல்லு மாதிரி ஆயிடுச்சு. பிளேடு வெச்சு சுரண்டினா கம்பி துண்டு துண்டா வருது. சரி போன்னு வளையத்த மட்டும் எடுத்துப் புதுசாவே சுத்திட்டேன். நெயில் பாலிஷ் மாப்ள. அதுவும் பாரு, கத்தரிக்கா கலர்ல..."

ஷார்ட்டு நிறுத்திவிட்டான்.

செய்தித்தாளில் கத்தரிப்பூ நிறத்தில் செதில்கள் சிதறியிருந்தன. ஷார்ட்டின் கட்டைவிரல் நகத்திடுக்கிலும் கொஞ்சம் இருந்தது. ஷார்ட்டு அதைப் பார்த்தான். செய்தித்தாளைப் பார்த்தான். அப்புறம் நிமிர்ந்தான்.

தலை மெல்லச் சாய்ந்தது. அந்த முகம் வந்துவிட்டது.

"தங்கச்சியா?"

அவன் தலையசைத்தான்.

ரேடியோவில் மழைக்காரர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். ஷார்ட்டு சத்தத்தைக் குறைக்கக் கை நீட்டினான். பாதியிலேயே கையை இழுத்துக்கொண்டான், இனி எதையும் தொடலாமா கூடாதா என்று தெரியாதவன் போல.

"சொல்லியிருக்கலாம்லடா."

"சொல்லியிருக்கலாம்."

"நான் கேக்காம... நீ விடுன்னுதான் சொன்ன. நாந்தான்..." ஷார்ட்டு துண்டுகளை உள்ளங்கையில் சேர்க்க ஆரம்பித்தான். "இத சேத்து சால்டர் பண்ணி, திரும்ப அதே மாதிரி சுத்திடலாம். கொஞ்சம் பொறுமையா செஞ்சா முடியும். கெப்பாசிட்டர் நான் போய் வாங்கிட்டு வரேன். தேடுனா எவன் கடையாவது தெறந்திருக்கும்."

"யார் சுத்தறது?"

ஷார்ட்டு துண்டுகளைத் திரும்பச் செய்தித்தாளில் வைத்தான். ஒவ்வொன்றாக, சத்தம் வராமல் வைத்தான்.

"பரவால்ல," என்றான் அவன். "ரேடியோ வேல செய்யுதுல்ல." குரல் சாதாரணமாகத்தான் வந்தது. தனக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

"நான் இருக்கட்டுமா, போகட்டுமா?"

"போ. அடுத்த வாரம் வா."

"எப்படி இருக்க மாப்ள?" என்று கேட்டான் ஷார்ட்டு, குரலைத் தாழ்த்தி. இத்தனை நாளில் அவன் அதைக் கேட்டதில்லை.

"நல்லா இருக்கேன்."

கதவு சாத்தும் சத்தம்கூடக் கேட்காமல் ஷார்ட்டு போனான். வழக்கமாகப் படியில் தடதடவென்று இறங்குவான். இன்று அதுவும் இல்லை.

பால் பாக்கெட் மேசையில் வியர்த்துக்கொண்டிருந்தது. அவன் உட்கார்ந்தான். புதுக் காயிலை எண்ணினான். சரியாக இருந்தது. ஒன்றுகூடக் கூடவோ குறையவோ இல்லை. அதை எண்ணி முடிக்க அதிக நேரம் பிடிக்கவில்லை. திரும்ப எண்ணவும் தோன்றவில்லை.

மழைக்காரர் பேசி முடித்துவிட்டு, வேறு யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. திரும்பக் கேட்டார். வயதான குரல். மூன்றாவது தடவை கேட்கும்போது அந்தக் குரலில் லேசான சலிப்புத் தட்டியது. அவன் மைக்கை எடுத்துத் தன் அழைப்புக் குறியைச் சொன்னான்.

"வாங்க தம்பி வாங்க," என்றார் பெரியவர். "ஆளே இல்லாத கடையில டீ ஆத்திக்கிட்டு இருந்தேன். பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி இருக்கு உங்க குரல். என்ன செட்டு வெச்சிருக்கீங்க?"

"நானே செஞ்சது சார். கிட்டு."

"அட, அப்படிப் போடுங்க. காயில் எல்லாம் நீங்களேவா சுத்துனீங்க? எனக்கு அங்கதான் பொறுமை போயிடும்."

அவன் மைக்கை அழுத்தினான்.

"ஆறு நான் சுத்தினேன். ஒண்ணு வீட்ல சுத்தினாங்க."

பால் வாங்கப் போகும்வரை அது உண்மையாகத்தான் இருந்தது.

"குடுத்து வெச்சவர்யா நீங்க," என்று சிரித்தார் பெரியவர். "எங்க வீட்ல இந்தப் பெட்டிய ஒரு சக்களத்தியப் பாக்கற மாதிரிதான் பாக்கறாங்க. உங்க வீட்ல அருமையா சுத்தியிருக்காங்க தம்பி. அதான் இவ்வளவு சுத்தமா கேக்குது. நான் ரொம்ப விசாரிச்சேன்னு சொல்லுங்க அவங்ககிட்ட. பக்கத்துலதான் இருக்காங்களா? இருந்தா ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்களேன். இப்ப நீங்க பேசுங்க."

அவன் அழுத்தினான். இரைச்சலும் ஒரே நொடியில் அடங்கியது. மைக்கை அழுத்தியிருக்கும்வரை இந்த ரேடியோவில் எதுவும் கேட்காது. வாயைத் திறந்து ஏதாவது சொன்னால்தான் அதிலிருந்து எதுவும் போகும். சும்மா இருந்தால் அந்தப் பக்கம் இருப்பவருக்கு, இவன் இருக்கிறானா எழுந்து போய்விட்டானா என்றுகூடத் தெரியாது.

மீட்டர் முள் படுத்தே கிடந்தது. வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. அங்கே பெரியவர் இந்நேரம் கூப்பிட ஆரம்பித்திருப்பார். விரலை எடுத்தால் கேட்கும்.

அவன் எடுக்கவில்லை.