ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்

கீபோர்டைக் கட்டிலில் குப்புறக் கவிழ்த்துப் போட்டு, அவள் அடித்தகட்டின் திருகுகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்து அறையில் அவளுடைய அப்பா செத்துக்கொண்டிருந்தார். இப்படிச் சொன்னால் கல்நெஞ்சக்காரி என்றுதான் தோன்றும். அம்மாவுக்கும் அப்படித்தான் தோன்றியது.

"நர்ஸ் என்ன சொல்லிட்டுப் போனாங்கன்னு உன் காதுல விழுந்துச்சுல்ல? இன்னைக்குப் பொழுது தாண்டினா பெருசுன்னாங்க. நீ என்னடான்னா ஸ்க்ரூவத் திருகிட்டு உக்காந்திருக்க."

"சும்மா இருக்க முடியலம்மா. கை பரபரங்குது."

"பரபரன்னா போய் அவர் கையப் புடி. ரெண்டு வார்த்த பேசு."

அவள் அடுத்த திருகுக்கு நகர்ந்தாள். பேசத்தான் நேற்று ரயிலேறி வந்தாள். வழியெல்லாம் என்ன பேசுவதென்று மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தாள். வந்து அப்பாவின் கட்டில் காலடியில் நின்றபோது, அவர் போர்வையை மட்டும் இழுத்துச் சரிசெய்தாள். அவரும் அவளைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அப்பனும் மகளும் பிடிவாதத்தில் ஒரே அச்சு. இன்றைக்கும் பேசாவிட்டால் இனி எப்போதும் இல்லை என்பது அவளுக்குத் தெரியாமலா இருக்கும்?

ஆறு வருஷத்துக்கு முன்னால் நல்ல ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, ஒரு பாட்டுக் குழுவில் கீபோர்டு வாசிக்கப் போகிறேன் என்றாள். அப்பா தையல்காரர். அளவெடுத்தபடி வெட்டாத எதுவும் அவருக்குப் பிடிக்காது. "இந்தப் பெட்டிய நம்பியா சோறு திங்கப் போற? தூக்கிக் குப்பைல போடுறேன் பாரு" என்று கத்தினார். அன்று சாயங்காலமே அவள் கிளம்பிவிட்டாள், அந்தக் கீபோர்டைக்கூட எடுத்துக்கொள்ளாமல். அதற்குப் பிறகு எல்லாம் அம்மா வழியாகத்தான். 'சாப்பிட்டாளான்னு கேளு' என்று அவர் சொல்வது போனில் அவளுக்கே கேட்கும். 'சாப்பிட்டேன்னு சொல்லு' என்பாள். "நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் தபால்காரியா?" என்று அம்மா சலித்துக்கொள்வாள்.

காலையில் தன் பழைய அறைக்கு வந்தபோது கீபோர்டு மேசைமேல் இருந்தது. குப்பையில் போடவில்லை. தொட்டுப் பார்த்தாள். ஏழு கட்டைகள் அழுந்தின, திரும்பி எழும்பவில்லை. வைத்திருந்த லட்சணம் இதுதானா என்று பழைய கோபம் மறுபடி மூண்டது. அந்தக் கோபத்தோடுதான் அப்பாவின் மிஷின் டிராயரிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துவந்தாள்.

அடித்தகடு கையோடு வந்தது. வயர்களை விலக்கி, கட்டைகளை ஒவ்வொன்றாக நகர்த்தி எடுத்தாள். தூசி இருக்கும், செத்த பூச்சி இருக்கும் என்று நினைத்திருந்தாள். இருந்தது பிசின். கட்டைக்குக் கட்டை பழுப்பாக, நூல்பிசிறும் தூசியும் குழைந்து அப்பியிருந்தது. அடியில் இருந்த ரப்பர் பட்டை உப்பிப் போயிருந்தது. முகர்ந்து பார்த்தாள். அவள் வளர்ந்ததே அந்த வாசனையில்தான். தையல் மிஷின் எண்ணெய். தவறிக் கொட்டியதும் இல்லை. அடியில் கறுத்துப்போன பழசு, மேலே இன்னும் காயாத புதுசு.

"அம்மா, இதுல யாரு எண்ணெய் விட்டது?"

அம்மா வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வேற யாரு. ஞாயித்துக்கிழமையானா மிஷினத் துடைச்சு எண்ணெய் போடுவாருல்ல, அப்படியே அந்த டப்பாவோட இங்க வந்துருவாரு. சந்துக்குச் சந்து ஒரு சொட்டு. ஓடாம கெடந்தா இறுகிப் போயிடும், அவ வந்து வாசிக்கறப்ப கட்டை நல்லா எந்திரிக்கணும்னு சொல்லுவாரு. படுக்கைல விழுற வரைக்கும் ஒரு வாரம்கூட விடல."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லாதன்னாரு. எங்கிட்ட குடுத்து நான் உங்கிட்ட சேக்காத சேதி அது ஒண்ணுதான்."

அட மனுஷா என்று வாய்க்குள் சொன்னாள். ஒட்டியிருந்த கட்டைகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு எண்ணெய்க் கையோடு பக்கத்து அறைக்குப் போய், கட்டிலில் அவரை ஒட்டி உட்கார்ந்தாள்.

"ஏம்ப்பா, இதுக்குப் போய் யாராவது மிஷின் எண்ணெய் விடுவாங்களா?"

ரயிலில் யோசித்து வைத்திருந்தது எதுவும் வரவில்லை. திட்டுத்தான் வந்தது. அப்பா கண்ணைத் திறந்தார்.

"உள்ள பல்லு இருக்கா, சக்கரம் இருக்கா? வெறும் பிளாஸ்டிக்கு, அடியில ரப்பரு. எண்ணெய் பட்டா ரப்பர் உப்பிரும், தூசியெல்லாம் வந்து ஒட்டிக்கும். ஆறு வருஷமா பாத்துப் பாத்து ஊத்தி ஏழு கட்டையக் கொன்னு வச்சிருக்கீங்க."

அவருடைய உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. சிரிப்பு என்றே அவள் எடுத்துக்கொண்டாள். கட்டையை அவர் கையில் வைத்தாள். துணியின் தரம் பார்ப்பதுபோல் அவர் கட்டைவிரல் அதன்மேல் மெல்லத் தேய்த்துப் பார்த்தது.

"இப்ப ஒண்ணொண்ணா ஸ்பிரிட் போட்டுத் துடைக்கணும். நர்ஸ் வச்சிட்டுப் போனது பாதி பாட்டில் இருக்கு, அது போதும். சந்துல இருக்கறத பட்ஸ் விட்டு எடுத்துரலாம். நல்லா காயவிட்டுத்தான் திருப்பி மாட்டணும், அவசரப்பட்டா மறுபடியும் ஒட்டிக்கும்."

விரல் நின்றிருந்தது. எப்போது நின்றதென்று அவளுக்குத் தெரியவில்லை. பின்னாலேயே வந்து கட்டிலின் எதிர்ப்பக்கம் நின்றிருந்த அம்மா குனிந்து அவர் மூக்கருகே புறங்கையை வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள். பிறகு அந்தக் கையை எடுத்து அவர் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு, மகளைப் பார்த்தாள். மகளும் பார்த்தாள். இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது.

அம்மா கட்டிலின் அந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

"ரப்பர்தான் உப்பிப்போச்சே. அத என்ன பண்ணுவ?" என்றாள்.

கேட்டது அம்மாதான். ஆனால் மகள் அப்பாவின் முகத்துக்கு இன்னும் பக்கமாகக் குனிந்தாள்.

"புதுசு கெடைக்கும்ப்பா" என்றாள். "அளவு பாத்து வாங்கி நானே மாட்டிருவேன்."