அரை மூட்டை

இந்தக் காலத்து ஆக்களுக்குச் செத்தவளைச் சுடலைக்குக் கொண்டுபோகவும் மெசின் வேண்டியிருக்கிறது. நாலு வீடு தள்ளியிருக்கிற கடைக்குப் போக மோட்டார்சைக்கிள், கிணற்றில் தண்ணீர் இறைக்க மோட்டார், இப்போது பிரேதத்துக்கு லான்மாஸ்டர் உழவு மெசின். ஒழுங்கைக்குள் பின்பக்கமாக வந்துகொண்டிருந்த அதன் பெட்டிக்கு எதிரே போய் நின்றார் இரத்தினசிங்கம். எழுபத்துநாலு வயது. வேட்டியை மடித்துக் கட்டி, இரண்டு கைகளையும் பெட்டிப் பலகையில் ஊன்றித் தள்ளினார். வண்டி நின்றுவிட்டது.

"மாமா, விலகுங்கோ. ஏத்திப்போடும்" என்றான் யோகலிங்கம். இறந்துபோன அவர் மனைவி சிவக்கொழுந்தின் தம்பி மகன் அவன். காலையிலிருந்து எல்லா அலுவலும் அவன் தலையில்தான்.

"திருப்பிக்கொண்டு போ இதை. தோளில தூக்கிக்கொண்டு போவம்."

"தோள் குடுக்க ஆள் எங்க மாமா? பெடியள் பாதிப்பேர் வெளிநாட்டில. மிச்சப்பேர் எங்கையெண்டு வாயால சொல்ல ஏலுமே? விதானையாரிட்டக் கடிதம் எடுத்து, ஆமிக் காம்பில நிண்டு, பன்ரண்டு பேருக்குத்தான் பாஸ் எடுத்தனான். மூண்டு மணிக்குள்ள திரும்போணும். நான், என்ர ஒபிசில ரெண்டுபேர். மற்றதெல்லாம் வயசாளியள். மூண்டு தோள்தான் இருக்கு."

"நான் நாலாவது."

விறாந்தையில் இருந்த குருக்கள் தலையை ஆட்டினார். "கொள்ளி வைக்கிறவர் பாடை தூக்கக் கூடாது. சட்டியோட முன்னுக்குப் போகோணும். உங்கட மகன் வந்திருந்தா அது வேற கதை."

மகன் பாலசிங்கம் சுவிசில் இருக்கிறான். அங்கே அகதிக் காகிதம் இன்னும் கிடைக்காதவன் எப்படி வருவது?

"அப்ப கொள்ளியை வேற ஆரும் வையுங்கோ."

"அண்ணை!" படலையடியிலிருந்து தங்கை சீதேவி ஓடிவந்தாள். "விசர்க்கதை கதையாதேங்கோ. ஏழு வருசம் மச்சாளைத் தூக்கினது காணாதே? உங்களை விட்டா அவவுக்கு ஆர் கொள்ளி வைக்கிறது?"

காணாது. இன்னும் ஒரே ஒரு தரம் தூக்க வேண்டும். அது ஏன் என்று இந்தச் சனத்துக்குச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

துறைமுகத்தில் நாட்டாமையாக முப்பத்தெட்டு வருடம் மூட்டை சுமந்த உடம்பு அது. கப்பல் இல்லாத நாளிலும் அதைச் சும்மா விட்டதில்லை. மற்றவர்கள் கள்ளுத் தவறணைக்குப் போனால் இவர் கடலில் நீந்தப் போவார். கடற்கரைக்கு முள்ளுக்கம்பி அடித்த பிறகு முற்றத்திலேயே தண்டால், பஸ்கி, ஆட்டுக்கல்லைத் தூக்கித் தூக்கி வைப்பது. "என்ன, கிழவனுக்கு இன்னொரு கலியாணம் பேசியிருக்கோ?" என்று சிவக்கொழுந்து குசினிக்குள்ளிருந்து கேட்பாள். பாரிசவாதம் வந்து இடது பக்கம் விழுந்த பிறகும், கட்டிலில் கிடந்தபடி, குழறிய நாக்கால் அதையேதான் கேட்டாள்.

முன்பெல்லாம் பழக்கத்தில் செய்தது, அதன்பிறகு காரணத்தோடு செய்தது. அவளுக்கு முன்னம் தான் விழக்கூடாது. அவ்வளவுதான். சோற்றைக் குறைத்தார். சுருட்டை விட்டார். மூன்று மணித்தியாலத்துக்கு ஒருதரம் அவளைப் புரட்டிப் படுக்கவைத்தார். கிணற்றடிக்குத் தூக்கிப்போய்க் கதிரையில் இருத்தி முழுகவார்த்தார். ஏழு வருடத்தில் ஒரு படுக்கைப்புண் வரவில்லை. ஆசுபத்திரியில் நேர்ஸ் பிள்ளை அவள் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஐயா, எங்கட வாட்டில இப்பிடி ஒரு முதுகு இல்லை" என்றது. "உங்கட நாரி முறியப்போகுது" என்று அவள் அழுகிற நாட்களில், "நீ அரை மூட்டைகூட வரமாட்டாய், பேசாமல் கிட" என்பார்.

இன்று விடியற்காலையில் மின்சாரம் இல்லை. வழக்கம்போல ஐந்தரைக்குப் போய் இடது பக்கம் நின்று, ஒரு கையைத் தோளுக்குக் கீழும் மற்றதை இடுப்புக்குக் கீழும் கொடுத்துத் தூக்கினார். அவள் வரவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி தூக்கினார். பாதி வந்து, கையிலிருந்து வழுகி மெத்தையில் விழுந்தாள். அவருக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. தன் பெலன் போய்விட்டது என்றுதான் நினைத்தார். வேறொன்றும் மண்டையில் வரவில்லை. "கொஞ்சம் பொறு கொழுந்து, வாறன்" என்று சொல்லிவிட்டு முற்றத்துக்குப் போனார். தன்மேல் வந்த ஆத்திரத்தில் நூற்றைம்பது பஸ்கி போட்டார். எண்ணி முடித்து வந்தபோது அறைக்குள் வெளிச்சம் விழுந்திருந்தது. அவள் வாய் திறந்து கிடந்தது. அவர் போட்ட சத்தத்துக்கு அயல் வந்துவிட்டது. குளிப்பாட்டவும் உடுத்தவும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு அவளைத் தொட அவரை எவரும் விடவில்லை.

தூக்கியபோது அவள் உயிரோடு இருந்தாளா? இருந்தாள் என்றால், அவர் வெளியே எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் தனியாகப் போயிருக்கிறாள். இன்னொரு தரம் தூக்கினால் தெரிந்துவிடும். இப்போதும் அதே பாரம் என்றால், காலையிலும் தூக்கியது பிரேதத்தைத்தான். பாரம் இல்லையென்றால் கைதான் பிசகியது, அவள் இருந்தாள்.

"நாலாவது தோள் நான்." ஒழுங்கை முனையில் அபூதாஹிரின் குரல் கேட்டது. ஒரே கப்பலில் ஒன்றாக மூட்டை தூக்கிய சினேகிதன். இப்போது இரண்டு முழங்காலும் சரியில்லை. யாரோ முணுமுணுத்தார்கள். சீதேவி திரும்பினாள். "ஏழு வருசம் மச்சாளுக்கு நோம்புக் கஞ்சி கொண்டந்தவர். தாஹிர் நானா தூக்கட்டும். வேணாமெண்டுறவை வந்து தோளைக் குடுங்கோ."

ஒருவரும் வரவில்லை. லான்மாஸ்டர் திரும்பிப் போனது. இரத்தினசிங்கம் கொள்ளிச்சட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

"என்ன மாமா, இவ்வளவு பாரமாயிருக்கு" என்று பின்னாலிருந்து யோகலிங்கம் மூச்சு வாங்கினான். அவர் திரும்பவில்லை. கதிரையிலிருந்து பேனை பிடிக்கிறவனுக்குப் பாய்கூடப் பாரம்தான்.

ஆமிச் சென்றியில் பாடையை இறக்கச் சொன்னார்கள். ஒருவன் கடிதத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். வெயில் கொளுத்தியது. சட்டியைக் காலடியில் வைத்துவிட்டு அவர் வேலியோரம் குந்தினார். அபூதாஹிர் காலை நீட்டிப் பக்கத்தில் இருந்தார்.

"தாஹிர், உன்ர உம்மாவை நீதானே தூக்கினாய்?"

"ஓம். ஏன் கேக்கிறாய்?"

"பாரமோ?"

"உசிரோட இருக்கக்குள்ள கோழிக்குஞ்சு மாதிரி. மவுத்தான பிறகு ரெண்டாள் தேவைப்பட்டுது. உசிருள்ள ஆள் தூக்கிறவனுக்கு ஒத்தாசை செய்யும் மச்சான். தானும் கொஞ்சம் பிடிச்சுக்கொள்ளும். மையித்து அப்பிடியே விட்டிரும்."

இரத்தினசிங்கம் காலையில் நடந்ததைச் சொன்னார். பஸ்கி எத்தனை என்பதையும் சொன்னார்.

அபூதாஹிர் அவர் பக்கம் திரும்பினார். "அப்ப அவ முன்னமே போயிட்டா. உடம்பு குளிர்ந்திருந்திச்சா?"

"நான் பிடிச்சது வாதம் விழுந்த பக்கம். அது ஏழு வருசமாக் குளிர்தான்."

"கண்?"

"அந்தக் கண் நித்திரையிலயும் பாதி திறந்துதான் கிடக்கும்."

"நீ கதைச்சதுக்கு ஒண்டும் சொல்லல்லையே?"

"நித்திரை குழம்பினா அவள் கோவத்தில வாய் திறக்கமாட்டாள்."

கடிதம் திரும்பி வந்தது. ஒபிஸ் ஆட்களில் ஒருவன் தோளைத் தடவியபடி பின்வாங்கினான். மூங்கில் தோலை உரித்திருந்தது. இரத்தினசிங்கம் எழும்பிச் சட்டியை அவன் கையில் கொடுத்தார். குருக்கள் வாயைத் திறந்தார், துவக்கோடு நின்றவர்களைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

அவர் குனிந்து, தலைமாட்டுப் பக்க மூங்கிலைத் தோளில் வாங்கி எழுந்தார்.

ஒன்றுமில்லை. பச்சை மூங்கில், பூமாலை, வெள்ளைத்துணி, அதற்குள் எங்கேயோ அவள். தாஹிர் நொண்டும்போது பாரம் இவர் பக்கம் சரிந்தது. யோகலிங்கம் நிமிரும்போது திரும்பிப் போனது. அது அவளுடைய பாரமா மூங்கிலின் பாரமா என்று பிரிக்க முடியவில்லை. சுடலை வாசல் வரை அவர் தோள் மாற்றவில்லை. ஒவ்வொரு அடியையும் உற்றுக் கேட்டபடி நடந்தார்.

"இந்த உடம்போட ஐயா இன்னும் முப்பது வருசம் இருப்பியள்" என்றான் சட்டியோடு வந்தவன், ஆறுதலாக. இரத்தினசிங்கம் அவனை ஒருதரம் பார்த்தார். அவன் சட்டியை நீட்டினான்.

குடத்தோடு மூன்று சுற்று. மூன்று கொத்து. குடம் பின்னால் விழுந்து உடைந்தது. பின்கையால் கொள்ளியை வைத்தார். "திரும்பிப் பாராமல் போங்கோ" என்றார் குருக்கள். அவர் பார்க்கவில்லை. பின்னால் விறகு வெடித்தது.

அபூதாஹிர் இழுத்து இழுத்து வந்து சேர்ந்தார். "சொன்னா நம்பு மச்சான். நீ தூக்கக்குள்ளயே அவ இல்ல."

"நீ கண்டனியோ?"

"காணல்ல. பாரமெண்டு நீதானே சொன்னாய்?"

"இப்ப தூக்கினன். ஒரு பாரமும் இல்லை."

"நாலுபேர் தூக்கினா எப்பிடிடா தெரியும்?"

"தெரியாதெண்டுதான் நானும் சொல்லுறன்."

"நில்லு, என்ட கால்..."

அவர் நிற்கவில்லை. சென்றியில் கையைத் தூக்கச் சொல்லிச் சைகை காட்டினார்கள். இரண்டு கைகளையும் தூக்கினார். ஆமிக்காரன் இடுப்பைத் தடவினான். புஜத்தைப் பிடித்துப் பார்த்தான். போகலாம் என்று தலையசைத்தான். இரத்தினசிங்கம் நடந்தார். கைகளை இறக்கவில்லை. பின்னாலிருந்து அபூதாஹிர் கூப்பிட்டதும் அவருக்குக் கேட்கவில்லை. தூக்கிய கைகள் தூக்கியபடியே, இன்னும் பாரம் பார்க்கிறவர்போல, வெயில் விழுந்த தெருவின் நடுவால் போய்க்கொண்டிருந்தார்.